ஆறு பேருக்கு ஒரு டீச்சர்: மதுரையில் இரண்டு நாள் நர்ஸிங் ஸ்கில்ஸ் பயிற்சி, எங்கள் அனுபவம்

நான் விருதுநகர் பக்கம் ஒரு நர்ஸிங் கல்லூரியில் டியூட்டர். போன மாதம் ஒரு சனி, ஞாயிறு எங்கள் இரண்டாம் வருட பி.எஸ்சி. பிள்ளைகள் 24 பேரைக் கூட்டிக்கொண்டு மதுரையில் ஒரு தனியார் பயிற்சி மையத்துக்குப் போய் வந்தேன். ஆறு ஆறு பேராகப் பிரித்து, டம்மியை வைத்துக் கைப்பழக்கம் சொல்லிக்கொடுக்கும் இடம். ஆளுக்கு 1,500 ரூபாய், இரண்டு நாள் மதியச் சாப்பாடும் டீயும் அதிலேயே அடக்கம். திரும்பி வந்ததில் இருந்து வேறு கல்லூரி டியூட்டர்கள் மூன்று நாலு பேர் போன் போட்டு "போகலாமா, காசுக்குத் தகுமா" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். மையத்தின் பெயரைப் போடவில்லை. நடுவில் ஒரு குளறுபடி நடந்தது, அதை அவர்களே பிறகு சரிசெய்தும் கொடுத்தார்கள். நான் சொல்லப்போவது எந்த மையத்துக்குப் போனாலும் பொருந்தும்.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லவேண்டும். கிளினிக்கல் போஸ்டிங்கில், அதாவது ஆஸ்பத்திரி வார்டில் நேரடியாகப் பழகும்போது, ஒரு டீச்சருக்கு பத்து மாணவிகள் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் கணக்கு. ஆனால் ஒரு டியூட்டர் லீவு, இன்னொருவர் பரீட்சை வேலை என்று வந்துவிட்டால், பெண்கள் மெடிக்கல் வார்டில் நான் ஒருத்தியே 18 பேரை வைத்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. ஒரு அம்மாவுக்கு ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குள் விடுகிற குழாய்) போடுகிறார்கள் என்றால் முன்னால் நிற்கிற நாலு பேருக்குத்தான் தெரியும், பின்னால் நிற்பவர்கள் பார்ப்பது தோழியின் முதுகை. அப்புறம் எல்லோரும் ரெக்கார்டில் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், நானும் போட்டுக்கொடுப்பேன். இப்படியே "பார்த்தேன்" "பார்த்தேன்" என்று கடைசி வருடம் வரை வந்துவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். படுத்திருக்கிறவர்கள் நிலைமையையும் யோசிக்கவேண்டும். ஒரு பாட்டி நேராகவே கேட்டார்: "எத்தனை பேருமா என்னையே சுத்தி நிப்பீங்க?" அன்றைக்கு எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

கல்லூரி பாதி, பிள்ளைகள் பாதி என்று கட்டணத்தைப் பிரித்துக்கொண்டோம். 750 ரூபாய் எங்கள் பிள்ளைகளுக்குச் சின்னத் தொகை இல்லை. பாதிப் பேரின் அப்பா அம்மா பயர் ஆபீஸிலும் (பட்டாசு ஆலை) தீப்பெட்டி ஆபீஸிலும் வேலை பார்க்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு மேஜையாக நானும் நின்று, யார் எத்தனை தடவை செய்தார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தேன்.

ஏற்பாடு இதுதான். ஒரே ஹாலில் நாலு மேஜை, நாலு டீச்சர். ரைல்ஸ் டியூப் ஒன்று, லைன் போடுவது (டிரிப் ஏற்ற கை நரம்பில் ஊசிக்குழாய் வைப்பது) ஒன்று, சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கி மூச்சுக் கொடுப்பது) ஒன்று, நாலாவது "டாக்டருக்குப் போன் பண்ணுவது". ஒரு குழு அரைநாள் ஒரு மேஜையில் இருந்துவிட்டு அடுத்ததற்கு மாறும். நாலாவது மேஜையைப் பார்த்ததும் இதற்கு அரைநாளா, அந்த நேரத்தில் ஊசி போடவாவது சொல்லிக்கொடுக்கலாமே என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு தப்பு. அதைக் கீழே சொல்கிறேன்.

ரைல்ஸ் டியூப் மேஜையில் இருந்தவர் அரசு மருத்துவமனையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிஸ்டர். அவர் முதல் தடவை ஒரு வார்த்தை பேசாமல் முழுசாகச் செய்து காட்டினார். மூக்கு நுனியில் இருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்நுனி வரை அளந்து, குறி வைத்து, ஜெல் தடவி, டம்மியின் தலையை லேசாக முன்னால் குனிய வைத்து, விழுங்கச் சொல்லிக்கொண்டே இறக்கி, பிளாஸ்டர் ஒட்டுவது வரை. இரண்டாவது தடவை அதையே ஏன், எதற்கு என்று விளக்கிக்கொண்டு. மூன்றாவது தடவை பிள்ளைகள் வாயால் சொல்லச் சொல்ல அவர் கை மட்டும் செய்தது, அவர்கள் ஒரு படியை விட்டால் அவரும் அப்படியே நின்றுவிட்டார். நாலாவதாகத்தான் அவர்கள் கையில் டியூப். இது பெய்டன் என்ற பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை மருத்துவர் 1998-இல் எழுதிய நாலு படி முறை. நானும் பி.எட். பிள்ளைகள் மாதிரி மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கிறேன், ஆனால் 60 பேர் வகுப்பில் மூன்றாவது படி நடக்கவே நடக்காது, அந்த இடத்தில் முதல் பெஞ்சு இரண்டு பேர் சொல்வார்கள், மீதிப் பேர் தலையாட்டுவார்கள். ஆறு பேர் இருந்ததால் ஒவ்வொருத்தியும் ஒரு படியாவது சொல்லியே ஆகவேண்டியிருந்தது.

அதே மேஜையில்தான் எனக்கும் ஒன்று பிடிபட்டது. டியூப் இரைப்பைக்குள் போய்விட்டதா என்று பார்க்க, சிரிஞ்சில் காற்றை உள்ளே விட்டு வயிற்றின்மேல் ஸ்டெத் வைத்துக் கேட்பது நம் ஊர் வார்டுகளில் எல்லோரும் செய்வது. அதை மட்டும் நம்பக்கூடாது. டியூப் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றில் கேட்பது போலவே இருக்கலாம். இழுத்துப் பார்த்து, வருகிற திரவத்தை பிஹெச் தாளில் தொட்டால் 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கவேண்டும். வரவில்லை அல்லது சந்தேகம் என்றால் எக்ஸ்ரே, அதுவரை ஒரு சொட்டுப் பால் கூட ஊற்றக்கூடாது. சிஸ்டர் இதை நேராகச் சொல்லவில்லை. "சத்தம் கேட்டுச்சு, சரி. அந்தச் சத்தம் எங்க இருந்து வருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, ஒரு நிமிஷம் போல சும்மா இருந்தார். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அப்புறம் ஒருத்தி மெதுவாக "நுரையீரல்ல இருந்தும் வரலாமா சிஸ்டர்?" என்றாள். ஸ்டெத் வைத்துக் கேட்கிற பழக்கத்தை நானே இரண்டு பேட்ச்சுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். திரும்பி வந்த திங்கட்கிழமையே எங்கள் ப்ராஸீஜர் நோட்டில் அந்த வரியை மாற்றிவிட்டேன்.

லைன் மேஜையில் இரண்டு பிளாஸ்டிக் கை, உள்ளே சிவப்புத் தண்ணீர். 18 பச்சை, 20 பிங்க், 22 நீலம், 24 மஞ்சள் என்று வென்ஃப்ளானை (அந்த ஊசிக்குழாயை) நிறம் பார்த்து எடுப்பதில் ஆரம்பித்து, ரத்தம் எட்டிப்பார்த்ததும் கோணத்தைத் தாழ்த்துவது, ஊசியைக் கொஞ்சம் பின்னால் இழுத்த பிறகு திரும்ப உள்ளே தள்ளக்கூடாது என்பது, மூடியைத் திரும்பப் போடாமல் நேராக வெள்ளை டப்பாவில் போடுவது வரை. சனிக்கிழமை இந்த மேஜையில் இருந்த குழுக்களில் ஒவ்வொருத்தியும் குறைந்தது எட்டு தடவை போட்டாள், நான் எண்ணினேன். வார்டில் இரண்டாம் வருடப் பிள்ளைக்கு ஒரு தடவை கிடைத்தாலே பெரிய விஷயம். குறை என்றால் அந்தக் கைகள் பழசு. மேல்தோல் முழுக்க ஓட்டை, தண்ணீர் கசிந்து மேஜை நனைந்துகொண்டே இருந்தது, நரம்பு எது என்று தொட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய பாடம் அதனால் பாதியாகிவிட்டது, ஏற்கெனவே இருக்கிற ஓட்டையைப் பார்த்துக் குத்தினால் போதும். 1,500 ரூபாய் வாங்குகிற இடம் அந்தத் தோலையாவது மாற்றிவைக்கவேண்டும்.

சிபிஆர் மேஜையில் ஒரு இளம் தம்பி. நன்றாகத் தெரிந்தவர்தான், ஆனால் முதல் 40 நிமிடம் லேப்டாப்பைத் திறந்துவைத்து ஸ்லைடு ஓட்டினார். ஆறு பேர் உட்கார்ந்து ஸ்லைடு பார்ப்பதும் அறுபது பேர் பார்ப்பதும் ஒன்றுதானே, அதற்கு மதுரை வரை பஸ் ஏறி வரவேண்டுமா? டீ நேரத்தில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கோபப்படவில்லை, மதியக் குழுவுக்குப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு டம்மியிடம் போய்விட்டார். டம்மியில் உட்கார்ந்ததும் ஆளே வேறு மாதிரி. நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கல், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், ஒவ்வொரு அமுக்கலுக்கும் பிறகு நெஞ்சு முழுசாக மேலே வரவேண்டும், 30-க்கு 2 மூச்சு. இதெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு வாயில் இருக்கிறது. கை சொன்னபடி கேட்பதில்லை, அவ்வளவுதான். ஒருத்தி 40 கிலோ கூட இருக்கமாட்டாள், சரியான ஆழத்துக்கு அமுக்கினால் டம்மியில் வருகிற "டிக்" சத்தமே வரவில்லை. என்னால முடியாது சார் என்று எழுந்துவிட்டாள். அவர் விடவில்லை. ஒரு சின்ன ஸ்டூல் போட்டு ஏற்றி, தோள் நேராக டம்மியின் நெஞ்சுக்கு மேலே வருகிற மாதிரி நிற்கவைத்து, முழங்கையை மடக்காமல் இடுப்பில் இருந்து சாயச் சொன்னார். "டிக்." ஹாலே திரும்பிப் பார்த்தது, அப்படிக் கத்தினாள்.

(இந்த டம்மி பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1960-இல் நார்வேயில் ஆஸ்மன்ட் லேர்டால் என்ற பொம்மை செய்பவர்தான் இதை முதலில் செய்தார். பொம்மைக் கடையில் இருந்து வந்த சாமான் இன்றைக்கு உயிர் காப்பாற்றக் கற்றுத்தருகிறது.)

இப்போது போன் மேஜை.

ஒரு தாளில் நோயாளி விவரம். ராத்திரி 2 மணி. சாயங்காலம் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை முடிந்து வந்த 45 வயது அம்மா. பிபி 80/50, நாடித்துடிப்பு 124, கடைசி ஒரு மணி நேரத்தில் 10 மில்லி சிறுநீர்தான், டிரெஸ்ஸிங் நனைந்திருக்கிறது. நீங்கள் டியூட்டி நர்ஸ், டாக்டரைக் கூப்பிடுங்கள். திரைக்குப் பின்னால் டீச்சர், தூக்கக் கலக்கமான குரலில் டாக்டராக. முதலில் போன பெண் எங்கள் வகுப்பில் நல்ல மார்க் வாங்குகிறவள்.

"சார்... அந்த ஆபரேஷன் பேஷண்ட் ஒரு மாதிரி இருக்காங்க சார்."

"ஒரு மாதிரின்னா?"

"கொஞ்சம்... டல்லா இருக்காங்க சார்."

"சரி, காலைல ரவுண்ட்ஸ்ல பாக்கறேன்."

"ஓகே சார்."

வைத்துவிட்டாள். தாளில் எல்லா எண்ணும் அவள் கையில் இருந்தது, அந்த அம்மாவுக்கு உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இது நிஜத்தில் நடந்தால் காலை ரவுண்ட்ஸ் வரை யார் இருப்பார்கள்?

அப்புறம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். டீச்சர் முதலில் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தார், யாரும் வாயைத் திறக்கவில்லை, எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டென்று தமிழுக்கு மாறி, "போனை எடுக்கும்போது மனசுல என்ன ஓடுச்சு, அதை மட்டும் சொல்லு" என்றார். "திட்டிருவாங்களோன்னு பயமா இருந்துச்சு மேம்." அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி மற்ற ஐந்து பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இங்கிலீஷ் வராது என்று பயம், "இதுக்கெல்லாமா எழுப்புவே" என்று கேட்பாரோ என்று பயம், சீனியர் சிஸ்டரிடம் கேட்காமல் கூப்பிட்டால் அவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். நான் இவர்களோடு ஒன்றரை வருடமாக இருக்கிறேன், ஒருத்திகூட இதை என்னிடம் சொன்னதில்லை. 60 பேர் வகுப்பில் எழுந்து நின்று எனக்குப் பயம் என்று எந்தப் பிள்ளை சொல்லும்? ஆறு பேர் இருந்தார்கள், சொந்த பாஷையில் கேட்டார்கள், சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் எஸ்-பார் (SBAR) என்ற, நோயாளி நிலையைச் சொல்கிற முறை வந்தது. என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறேன். இந்த நாலும் வரிசையாக. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்த முறை இது. எங்கள் சிலபஸில் இருக்கிறது, பரீட்சையில் விரிவாக்கம் எழுதுவார்கள். ஆனால் அதே பெண் இரண்டாவது தடவை போனில் சொன்னது இதுதான்: "சார், போஸ்ட்-ஆப் வார்டுல இருந்து டியூட்டி நர்ஸ் பேசறேன். 6-ஆவது பெட் பேஷண்ட்டுக்கு பிபி 80/50, பல்ஸ் 124. சாயங்காலம் ஆபரேஷன் முடிஞ்சு வந்தவங்க, டிரெஸ்ஸிங் நனைஞ்சிருக்கு, ஒரு மணி நேரத்துல யூரின் 10 மில்லிதான். உள்ள பிளீடிங் இருக்கும்னு நினைக்கறேன் சார். நீங்க இப்பவே வந்து பாக்கணும், அதுவரைக்கும் ஃப்ளூயிட் வேகமா விடட்டுமா?" குரல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். திரைக்குப் பின்னால் இருந்து "வர்றேன்" என்று பதில் வந்ததும் மற்ற ஐந்து பேரும் கைதட்டினார்கள். அந்த மேஜைக்கு மட்டுமே நான் 1,500 கொடுப்பேன்.

சரி, குளறுபடிக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை லைன் மேஜை டீச்சர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள், இருக்கட்டும், யாருக்கும் வரும். ஆனால் எங்களிடம் ஒன்றும் கேட்காமல் அந்த ஆறு பேரை சிபிஆர் மேஜையில் சேர்த்துவிட்டார்கள். 12 பேர், மூன்று டம்மி, ஒரு டீச்சர். இதைப் பார்த்தபோதுதான் எண்ணிக்கை என்ன செய்கிறது என்று கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. முதல் கால்மணி நேரத்திலேயே நாலு பேர் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துவிட்டார்கள். தைரியசாலிகள் இரண்டு மூன்று பேரே திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஒருத்தி முழங்கையை மடக்கிக்கொண்டே இரண்டு நிமிடம் அமுக்கினாள், அவர் வேறு டம்மியைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரும் சொல்லவில்லை. முந்தின நாள் ஸ்டூல் போட்டு ஏற்றிய அதே மனிதர்தான். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, ஒரு ஜோடிக் கண் 12 பேரைப் பார்க்கமுடியாது. அமெரிக்க இருதயச் சங்கத்தின் பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) வகுப்பில் ஒரு டீச்சருக்கு ஆறு பேர், ஒரு டம்மிக்கு மூன்று பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

பொறுப்பாளரிடம் போய், ஆறு பேருக்கு ஒருவர் என்று சொல்லித்தான் காசு வாங்கினீர்கள், இதை நான் ஏற்கமாட்டேன் என்று சொன்னேன். முதலில் "ஒரு வேளைதானே மேடம்" என்றார். நோட்டை எடுத்துக் காட்டினேன், இந்த ஐந்து பேர் இரண்டு மணி நேரத்தில் ஒரு சுற்றுதான் செய்திருக்கிறார்கள் என்று. பிறகு அவரே மதியத்துக்கு வேறு டீச்சரை வரவழைத்தார், அடுத்த சனிக்கிழமை அந்த 12 பேருக்கும் காசு வாங்காமல் மறுபடி நடத்திக்கொடுத்தார். பஸ் காசு எங்களுடையது. மறுபடி நடந்தபோது சரியாக ஆறு ஆறு பேர். அதனால் எனக்கு மனத்தாங்கல் இல்லை, ஆனால் நான் எண்ணாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

மற்றபடி சின்னச் சின்னது. ஹாலில் நாலு மேஜைக்கும் நடுவில் துணித் திரை மட்டும்தான், சிபிஆர் டம்மியின் சத்தத்தில் போன் மேஜையில் இருப்பவர்கள் கத்திப் பேசவேண்டியிருந்தது, அந்த மேஜைக்காவது தனி அறை கொடுக்கலாம். சாப்பாடு சாம்பார், ரசம், தயிர், அப்பளம், வயிறு நிறைய. மாட்டுத்தாவணியில் இறங்கினால் ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம். கழிப்பறை சுத்தம். கடைசியில் ஒரு சான்றிதழ் தருகிறார்கள், ஆனால் வேலைக்குச் சில ஆஸ்பத்திரிகள் கேட்கிற அமெரிக்க இருதயச் சங்கத்தின் பிஎல்எஸ் கார்டு இது இல்லை, இரண்டு வருடம் செல்லுகிற அந்தக் கார்டு வேண்டுமென்றால் அதற்குத் தனி வகுப்பு போகவேண்டும். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு 2019-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் லெக்சர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, மீதி குழு விவாதம், ப்ராக்டிகல் என்று இருக்கவேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இலேயே ஒரு நோயாளியின் பிரச்சினையை நடுவில் வைத்து, சின்னக் குழுவாக உட்கார்ந்து படிக்கிற முறையில் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிவிட்டது. ராத்திரி முழுக்க நோயாளி பக்கத்தில் நிற்கப்போவது எங்கள் பிள்ளைகள். அவர்களுக்கு இது வெளியே காசு கொடுத்து வாங்குகிற சாமானாக இருப்பது எனக்கு வருத்தம்தான்.

போக நினைப்பவர்கள் போனில் கேட்கவேண்டியது: மேஜைக்கு எத்தனை பேர், ஒரு டீச்சர் வராவிட்டால் யார் வருவார், டம்மிக் கையின் தோல் எப்போது மாற்றியது, பேச்சு தமிழில் நடக்குமா. பதிலை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு நீங்களும் கூடவே போங்கள், பிள்ளைகளை இறக்கிவிட்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்விடாதீர்கள்.

எங்கள் அடுத்த பேட்ச்சில் 22 பேர். ஐந்து, ஐந்து, ஆறு, ஆறு என்று பிரித்து ஜனவரிக்குப் பதிவு செய்திருக்கிறேன், மாற்று டீச்சர் ஒருவர் தயாராக இருக்கவேண்டும் என்றும் எழுதி வாங்கியாயிற்று. போன் மேஜையை மட்டும் காத்திருக்காமல் இங்கேயே தொடங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், லேப் அறையில் ஒரு பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டி, ஒரு வாரத்துக்கு ஆறு பேர். இப்போதைக்குத் திரைக்குப் பின்னால் டாக்டர் நான்தான்.